இருபத்தைந்து ராத்தல்

ஜூலை பிறந்தால் நகராட்சியில் ஏணியும் வாளியும் தருவார்கள்.
ஜெனரல் செலெதோனியோ பராகானைக்
குளிப்பாட்டுவது என் வேலை.
குதிரையின் காதிலிருந்து தொடங்குவேன்.
புறா எச்சம் சவுக்காரத்துக்கு மசியாது,
கத்தி வேண்டும்.

பீடத்தில் செதுக்கியிருப்பது ரத்தினச் சுருக்கம்:
பிறந்தார், வாளேந்தினார், விடுவித்தார்.
பிறப்புக்கும் வாளுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி.
எங்கள் வீட்டுக் கதை
அந்தப் புள்ளிக்குள் இருக்கிறது.

அப்போது ஒன்பது வயது. குச்சிக் கால்கள்.
குதிரை என்றால் பயம்
(சிற்பியிடம் யாரும் சொல்லவில்லை).
அப்பா தோன் ஹிலாரியோ
அரசரின் புகையிலைக் கிடங்கில் தராசுக்காரர்.
யானோஸ் சமவெளியின் புழுதியைச் சுமந்துகொண்டு
கழுதைகள் வரும், இலைக்கட்டுகள் இறங்கும்.
அரசருக்கு மட்டும்தான் விற்கலாம்,
அரசர் சொன்ன விலைக்கு.
முள் ஆடி நிற்கும்வரை
விளைவித்தவர்கள் தொப்பியைக் கையில் பிடித்திருப்பார்கள்,
பூசையில் மணியடிக்கும் நேரம்போல.
பையன் பேரேட்டில் கோடு போடுவான்.
இருபத்தைந்து ராத்தல் ஓர் அரோபா,
அரோபாவுக்கு ஒரு கோடு.

ஊரே வாய்பிளந்து தூங்கிய ஒரு மதியம்
வாங்கும் கல்லை ஒரு தட்டில் வைத்தான்,
கப்பலுக்கு அனுப்பும் கல்லை மறு தட்டில்.
இரண்டிலும் அதே கிரீடம்,
இரண்டிலும் அதே எண்.
ஒரு கிரீடம் இறங்கியது.
மெதுவாக. எண்ணெய் போட்ட தராசு,
முனகக்கூட இல்லை.

அப்பாவை எழுப்பினான்.
கன்னத்தில் ஒன்று விழுந்தது.
"எடைக்கல்லையே எடைபோடுகிறவன் உருப்படமாட்டான்."

அன்றிரவு வாங்கும் கல்லை வயிற்றோடு அணைத்து
நிறைமாதக்காரிபோலப் பின்சாய்ந்து நடந்து
ஆற்றுத்துறையில் போட்டான்.
முதலைகள் கிடக்கும் துறை.
தைரியசாலிதான், நான் மறுக்கவில்லை.

விடிந்ததும் ஒரு முதுகு தேவைப்பட்டது.
பக்கத்திலிருந்தது நிகாசியோவின் முதுகு.
கிடங்கைப் பெருக்குகிறவன்.
சொத்துக் கணக்கில்
தராசுக்கு அடுத்த வரியில் எழுதப்பட்டவன்.
ராத்தலுக்கு ஒன்றாக இருபத்தைந்து அடி.
எண்ணிக் கோடு போட்டது யார் என்கிறீர்கள்?
பேரேடு அவன் கையில்தானே இருந்தது.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
வாய் மட்டும் திறக்கவில்லை.

நிகாசியோ அவனைப் பார்த்தானா?
எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி.
பார்த்தான், தெரிந்தே பார்த்தான் என்பார் சித்தப்பா.
அக்கா பெனிக்னா ஒப்புக்கொள்ள மாட்டாள்:
பார்த்திருந்தால் அங்கேயே அழுது தீர்த்திருப்பான்,
நமக்கு ஒரு ஜெனரல் கிடைத்திருக்க மாட்டான்.

பிறகு நடந்தது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது.
ஓர் ஊரைப் பிடித்தால்
கொடியை இறக்குமுன் தராசை உடைப்பாராம்.
அடிமைகளை விடுவிக்கும் ஆணையில் கையெழுத்திடும்போது
விரல் நடுங்கியதாம்.
முதுமை என்று எழுதியிருக்கிறார்கள்.
அன்று அவருக்கு முப்பத்து நான்கு வயது.

முதுகைக் கடைசியில் கழுவுவேன்.
வழவழப்பான வெண்கலம்,
துணி எங்கேயும் சிக்காது.

போன கோடையில் ஆறு வற்றித் துறையின் அடி தெரிந்தது.
பக்கத்து வீட்டு யோர்மன்
சேற்றிலிருந்து ஓர் இரும்புக் கட்டியைப் பெயர்த்தான்,
மேலே அரைக் கிரீடம்.
எனக்குச் சேதி வருமுன்
பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.
எவ்வளவு இருந்தது என்று கேட்டேன்.
"இருபத்தைந்து என்று போட்டார்" என்றான்,
தோளைத் தேய்த்துக்கொண்டே.
"கூடவே இருக்கும்.
தூக்கிப்போனது நானில்லையா?"